ஆக்ஸிலரேட்டரை விட்டாலே பிரேக் பிடிக்கும் எலெக்ட்ரிக் வண்டிகள்... மழையில் சக்கரம் வழுக்குமா?

பெட்ரோல் ஸ்கூட்டரிலிருந்து எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு மாறியவர்கள் முதல் நாளிலேயே கவனிக்கும் விஷயம் இது. ஆக்ஸிலரேட்டரை விட்டதுமே, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வேகம் குறையும். 'ரீஜென்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்தான் காரணம். காய்ந்த சாலையில் வசதியான இந்த இழுவை, மழை நாளில் சக்கரத்தை வழுக்க வைக்கவும்கூடும்.

மோட்டார் எப்படி பிரேக் ஆகிறது?

வண்டி ஓடும்போது மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, அது டைனமோபோல மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்புகிறது. அதற்காகும் இழுவைதான் வேகத்தைக் குறைக்கிறது.

கார் பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரங்களும் பிடிக்கும். ரீஜென்னோ, மோட்டாருடன் இணைந்த சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். ஸ்கூட்டரில் அது பின்சக்கரம். வேகம் குறையும்போது எடை முன்பக்கம் சாய்வதால், பின்சக்கரம் சாலையை அழுத்துவது குறையும். அந்த நேரத்தில்தான் மொத்த இழுவையும் அதன் மீது விழுகிறது.

காய்ந்த தார்ச்சாலையில் டயருக்கும் சாலைக்குமான உராய்வுக் குணகம் தோராயமாக 0.8. நனைந்தால் 0.5 அளவுக்கு இறங்கலாம். பெயின்ட் கோடு, இரும்பு மூடி மீது இன்னும் குறையும். இழுவை அந்த எல்லையைத் தாண்டினால், வண்டியின் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் சக்கரம் பின்தங்கும். அது முழுதாக நிற்க வேண்டும் என்றுகூட இல்லை. பாதி வேகத்தில் சுழன்றாலே பக்கவாட்டுப் பிடிமானம் பெருமளவு போய், வண்டியின் பின்பக்கம் விலகி ஓடும்.

தடுப்பது யார்?

சக்கர வேக சென்ஸாரும் மோட்டார் கன்ட்ரோலரும்தான். சக்கரம் பின்தங்குவது தெரிந்ததும் கன்ட்ரோலர் ரீஜென்னைக் குறைக்கும், தேவைப்பட்டால் நிறுத்திவிடும். மோட்டாரின் விசையை மில்லி செகண்டுகளில் மாற்ற முடிவது இதற்குச் சாதகம்.

பாதகமும் உண்டு. பல எலெக்ட்ரிக் கார்களில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, மோட்டார் சுமார் 9 சுற்று சுற்றும். இதனால் மோட்டார் சுழலியின் நிலைமம் சக்கரத்தில் 81 மடங்காகத் தெரியும். வேகமிழந்த சக்கரம் மீள, அதையும் சேர்த்துச் சுழற்றியாக வேண்டும்.

ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கினால், பல கார்களில் ரீஜென் விலகி சாதாரண பிரேக்கிடம் பொறுப்பு போகும். இந்தக் கைமாற்றம் சீராக நடக்க வேண்டும். 2010 பிப்ரவரியில் டொயோட்டா, பிரியஸ் உட்பட சுமார் 4.37 லட்சம் ஹைபிரிட் கார்களை உலக அளவில் திரும்ப அழைத்தது. வழுக்கும் சாலையிலும் மேடுபள்ளத்திலும் ஏபிஎஸ் இயங்கும்போது, பிரேக் பிடிப்பில் கணநேரத் தொய்வு ஏற்பட்டதே காரணம். ஏபிஎஸ் மென்பொருளை மாற்றிக் கொடுத்தார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* ரீஜென் அளவை மாற்றும் வசதி இருந்தால், மழையில் குறைவாக வையுங்கள்.

* ஆக்ஸிலரேட்டரைப் படக்கென்று விடாதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

* பிரேக்கைத் தொடாமலே பின்சக்கரம் வழுக்கினால், ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகுங்கள். இழுவை விடுபடும்.

* பேட்டரி முழு சார்ஜில் இருந்தால் ரீஜென் குறையலாம், இல்லாமலும் போகலாம். வீட்டில் சார்ஜ் ஏற்றிக் கிளம்பியதும் வரும் முதல் சிக்னலில், பழகிய இழுவையை நம்பாமல் பிரேக்கைத் தயாராக வைத்திருங்கள்.

* சிபிஎஸ் இருந்தால் போதும் என நினைக்க வேண்டாம். அது இரு சக்கரங்களுக்கும் பிரேக்கைப் பகிர்ந்து கொடுக்கும். சக்கரம் லாக் ஆவதைத் தடுக்காது. அந்த வேலை ஏபிஎஸ்ஸுடையது.

* புது வண்டி வாங்கும்போது மைலேஜுடன் இதையும் கேளுங்கள்: 'சக்கரம் வழுக்கினால் ரீஜென் தானாகக் குறையுமா?'