கைடு இல்லாம நோ என்ட்ரி!
உலகின் நான்காவது பெரிய தீவான மடகாஸ்கரில் காடு சுத்தணுமா? தேசியப் பூங்காக்களில் உள்ளூர் கைடு கட்டாயம், பாஸ்!

அந்தாசிபே காட்டில் காலையிலேயே குடும்பத்தோடு கச்சேரி பண்ணும் இந்த்ரி. லெமூர்களிலேயே பெரிசு. அடைத்து வளர்த்தால் பிழைக்காது. காட்டுக்குப் போனால்தான் தரிசனம்!

அங்கிருந்து தெற்கே, ரானோமஃபானா. சயனைடு உள்ள மூங்கிலை அசால்ட்டா மென்னு தின்னும் தங்க மூங்கில் லெமூர் இங்கே ஸ்பெஷல். 1987-ல்தான் விஞ்ஞானிகள் இதற்குப் பெயரே வைத்தார்கள். 1991-ல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.

காய்ந்த இலை மாதிரியே ஒட்டிக்கிடக்கும் பல்லி, கைடு கை காட்டினால்தான் கண்ணுக்குத் தெரியும். நெல்லுக்காகவும் கரிக்காகவும் காட்டை அழிக்கிற நாட்டில், நிற்கிற மரத்தால் சோறு சாப்பிடுகிறவர் அவர். 2020-ல் கொரோனா வந்து டூரிஸ்ட்டுகள் நின்றதும் அந்தச் சோறும் நின்றது.

அதனால, கைடு கட்டணத்தில் மட்டும் பேரம் பேசாதீங்க மக்களே!