வீட்டை வாடகைக்கு விட்டால் சங்கத்துக்கு எவ்வளவு கட்டவேண்டும்?

புனே விமான் நகரில் பி.எப். பணத்தைப் போட்டு, வங்கிக் கடனும் வாங்கி, இரண்டு அறை வீடு வாங்கிய நம்மவர்கள் பலர். லோகேகாவ் விமான நிலையத்தை ஒட்டிய இந்தப் பகுதியில் கட்டடத்துக்குக் கட்டடம் ஒரு சங்கம் உண்டு. சங்கம் என்றால் செயலாளர். செயலாளர் என்றால் நோட்டீசு!

ஒரு குமாஸ்தா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாயாருக்கு உடல்நலம் இல்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறார். வீட்டை வாடகைக்கு விடுகிறார். மறு மாதமே, "நீங்கள் குடியிருக்கவில்லை, ஆகவே பராமரிப்புக் கட்டணம் இரட்டிப்பு" என்று கடிதம் வருகிறது. கடன் தவணை போக வாடகையில் மிஞ்சுவதே கொஞ்சம். அதையும் சங்கம் எடுத்துக்கொண்டால் தாயாருக்கு மருந்து வாங்குவது எப்படி?

பத்து சதவீதம்தான்

இப்படிக் கேட்கச் சங்கத்துக்கு உரிமை இல்லை. மராட்டிய கூட்டுறவு சங்கச் சட்டத்தின் (1960) கீழ் மாநில அரசு 1-8-2001 அன்று ஓர் உத்தரவு போட்டது. சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பதே அது. மாநகராட்சி வரி இந்தக் கணக்கில் சேராது. சேவைக் கட்டணம் மாதம் 1,500 ரூபாய் என்றால், கூடுதலாக 150 ரூபாய்தான். மகன், மகள், பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினர் குடியிருந்தால் அதுவும் கிடையாது.

"பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுவிட்டோம்" என்பார்கள். எத்தனை பேர் கை தூக்கினாலும் அரசு உத்தரவை மீற முடியாது. மும்பையில் மோன்ட் பிளாங்க் என்ற சங்கம் இந்த உத்தரவை எதிர்த்து ஐகோர்ட்டுக்குப் போனது. உத்தரவு செல்லும் என்று 2007-ம் ஆண்டு தீர்ப்பாயிற்று.

கோபத்தில் பணம் கட்டுவதையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. பாக்கிக்காரர் என்று பெயர் வரும், வட்டியும் ஏறும். நியாயமான தொகையைக் காசோலையாகக் கட்டிவிட்டு, கூடுதல் தொகைக்கு ஆட்சேபம் என்று கடிதம் கொடுங்கள். மராட்டியில் எழுதினால் நல்லது; பக்கத்து வீட்டுக்காரர் உதவமாட்டாரா என்ன! நகலில் சங்க முத்திரையுடன் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள். கூட்டத்தில் அரைகுறை இந்தியில் போடும் சண்டையைவிட இந்தக் காகிதத்துக்கு வலு அதிகம். சங்கத்தின் துணை விதிகளையும் கணக்கையும் பார்க்க, சட்டம் உறுப்பினருக்கு உரிமை தருகிறது.

அதற்கும் மசியாவிட்டால், கூட்டுறவு துணைப் பதிவாளரிடம் மனு கொடுக்கலாம். தீர்மானத்தையே எதிர்ப்பதானால் 91-வது பிரிவின் கீழ் கூட்டுறவு கோர்ட்டு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. புனேயில் பல கட்டடங்கள் கூட்டுறவு சங்கமாக இல்லாமல், 1970-ம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அவற்றுக்கு விதிகளும் வழியும் வேறு. உங்கள் கட்டடம் எந்த வகை என்பது வீட்டுப் பத்திரத்திலேயே இருக்கும். சண்டைக்குப் போகுமுன் அதை எடுத்துப் பாருங்கள்.