சின்னவனுக்கு நாலு வயசு

பண்ணையம் எப்படிப் போகிறது என்று விசாரிக்கிறவர்கள் ஏக்கரைக் கேட்பார்கள், ஆட்டு உருப்படியைக் கேட்பார்கள், போரில் எத்தனை இன்ச் தண்ணீர் என்று கேட்பார்கள். எங்கள் தோட்டத்தில் எதை எப்போது சேர்ப்பது என்று முடிவு செய்வது இவை எதுவும் இல்லை. சின்னவனுக்கு என்ன வயசு என்பதுதான். இப்போது நாலு. மூத்தவள் மூன்றாம் வகுப்பு.

மூலனூர் பக்கம், தாராபுரம் வட்டம். தார் ரோட்டை விட்டு இட்டேரிக்குள் திரும்பி, கிளுவை வேலியை ஒட்டியே வந்தால் எங்கள் வீடு. அமராவதி தாராபுரத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. ஆனால் எங்கள் காட்டுக்கு வாய்க்கால் கிடையாது. கிணறும் போரும் மழையும்தான். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். மாமனார் காலமானதும் மூன்று ஏக்கரைப் பார்க்க ஆளில்லை என்று கைக்குழந்தையோடு ஊர் திரும்பினோம். போன வருஷம் பக்கத்துக் காடு இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்திருக்கிறோம்.

அரசாங்கக் கணக்கில் இரண்டரை ஏக்கருக்குள் இருந்தால் குறு விவசாயி, ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் சிறு விவசாயி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு விவசாயியின் சராசரி நிலமே முக்கால் ஹெக்டேர்தான், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. அதைப் பார்த்தால் நாங்கள் வசதியானவர்கள். மளிகைக் கடை நோட்டைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

திரும்பி வந்த புதிதில் எல்லாரும் சொன்ன யோசனை கறவை மாடு. வாரா வாரம் கையில் காசு வரும். உண்மைதான். ஆனால் மாட்டுக்கு ஒரு கடிகாரம் உண்டு. விடியற்காலையில் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. சொசைட்டியில் பால் எடுக்கிற நேரம் தப்பினால் அன்றைய பால் வீட்டோடு. காலையில் பிள்ளையை எழுப்பி, குளிக்க வைத்து, தலை பின்னி, டப்பா கட்டுகிற நேரமும் அதேதான். சாயங்காலம் பசியோடும் வீட்டுப்பாடத்தோடும் வந்து நிற்கிற நேரமும் அதேதான். ஒரு மாடு கூடினால் கறக்கிறதோடு முடியாது. சாணி வழிக்க வேண்டும், மேவு அறுக்க வேண்டும், கோ-4 புல்லுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், தீவன மூட்டைக்குக் கடன் சொல்ல வேண்டும். விலையும் நம் கையில் இல்லை. கொழுப்புக்கும் இதர சத்துக்கும் மெஷின் காட்டுகிற எண்ணுக்குத்தான் காசு.

வீட்டுக்காரர் நாலு மாடாக்கலாம் என்றார். "ஏனுங், கறக்கறது ஆரு?" என்று கேட்டேன். கட்டுத்தரையில் இன்றைக்கும் இரண்டு மாடுதான். ஒன்று வற்றும்போது இன்னொன்று கறக்கிற மாதிரி சினை பிடிக்க வைத்துக்கொள்கிறோம்.

இதற்கு நடுவில் காலை நேரத்தை எனக்குக் கொஞ்சம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது பள்ளிக்கூடத்துச் சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பட்டினிப் பிள்ளைகளுக்கான திட்டம் என்றுதான் பலரும் பேசுகிறார்கள். பால் கறக்கிற வீட்டுக்கும், பூப்பறிக்கிற வீட்டுக்கும், மில்லுக்கு முதல் ஷிப்டு போகிற வீட்டுக்கும் அது எத்தனை பெரிய கை என்பதை யாரும் சொல்வதில்லை. இங்கிலீஷ் மீடியம் வேன் தார் ரோடு வரைக்கும் வருகிறது. அத்தைக்கும் பேத்தியை அதில் ஏற்ற ஆசை. நான் அரசுப் பள்ளிதான் என்று நின்றதற்கு அந்தக் கிச்சடியும் ஒரு காரணம்.

எங்கள் பக்கத்துக்குப் பொருந்துகிற உருப்படி மாடல்ல, செம்மறி. அதற்குக் காரணம் கொறங்காடு. காங்கேயம், தாராபுரம் வட்டாரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கும். சரளை மண், மழை குறைச்சல், வெள்ளாமைக்கு நம்ப முடியாது. அதனால் நிலத்தைப் புல்லுக்கென்றே விட்டுவிடுவது. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். மழைக்குத் தழைக்கிற புல் கோடையில் காய்ந்து நின்றாலும் ஆட்டுக்கு மேவாகும்; கோடையில் வெள்வேலங்காய் உதிரும், அதையும் தின்னும். காட்டைத் துண்டு துண்டாக வேலி பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். எனக்கு இதில் முக்கியம் வேறு. காலையில் ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் கூடவே நிற்க ஆள் வேண்டாம். சாயங்காலம் பட்டிக்கு ஓட்டினால் போதும். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய பண்ணையம் இது ஒன்றுதான்.

நாங்கள் வளர்ப்பது மேச்சேரி. செவலை நிறம், கம்பளி கிடையாது, தோலுக்குப் பேர்போனது. சினைக்காலம் ஐந்து மாதம். முதல் வருஷம் கையளவு பெட்டைகளோடு ஆரம்பித்தது, பெட்டைக் குட்டிகளை விற்காமல் நிறுத்தி நிறுத்தி இப்போது பட்டி நிறைந்திருக்கிறது. கிடாய்க் குட்டிகள் கன்னிவாடிச் சந்தைக்குப் போய்விடும்.

அங்கேதான் பிள்ளை வளர்ப்பு வந்து முட்டுகிறது. சில தாயாடு குட்டியைச் சேர்க்காது. பால் குடிக்கப் போனால் முட்டித் தள்ளும். ஈன்ற கொஞ்ச நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போகாத குட்டி தேறுவது கஷ்டம். அதனால் அத்தை தாயாட்டின் கழுத்தை முழங்காலுக்குள் இடுக்கிப் பிடிக்க, நான் குட்டியின் வாயைக் காம்பில் வைத்துப் பீய்ச்சுவேன். பிறகு மாட்டுப்பால், புட்டி, ரப்பர் காம்பு. அந்தப் புட்டி மூத்தவள் கைக்குப் போய்விடும். குட்டி இரண்டு முன்னங்காலையும் மடக்கி மண்டியிட்டு, வாலைப் படபடவென்று ஆட்டிக்கொண்டு உறிஞ்சும். இவள் "மெதுவா சாமி, மெதுவா" என்பாள், நான் அவளிடம் சொல்வதை அப்படியே. மூன்று மாதத்தில் அது சந்தைக்குப் போக வேண்டிய கிடாய்.

அத்தை ஒரு சட்டம் போட்டார். பெட்டைக் குட்டிக்குப் பேர் வைக்கலாம், கிடாய்க்கு வைக்கக் கூடாது. மகள் கேட்டாள், "அப்பத்தா, அதுக்குத் தெரியுமா தனக்குப் பேர் இல்லைன்னு?" அத்தை பதில் சொல்லாமல் சோளத்தட்டை உதறிக்கொண்டிருந்தார். சந்தைக்கு முதல் நாள் நான் மகளிடம் உள்ளதைச் சொல்லிவிடுவேன்: இந்தக் குட்டி நாளைக்குப் போகிறது, அந்தப் பணத்தில் உன் செருப்பும் தம்பியின் மருந்தும் இருக்கிறது. அழுவாள். அழட்டும். இரவோடு இரவாகக் குட்டியைக் கடத்திவிட்டு "ஓடிப் போச்சு கண்ணு" என்று சொல்கிற வீடுகளை எனக்குப் பிடிக்காது.

முருங்கையைப் பற்றி மூலனூர்க்காரி சொல்லாமல் விட முடியாது. செடி முருங்கை, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பிகேஎம்-1, விதை போட்ட ஆறாம் மாதம் காய்க்கு வந்துவிடும். கவாத்து செய்து விட்டால் மறுபடி தழைக்கும். மார்கழியில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டுகிற காய், வரத்து கூடுகிற கோடையில் பறிப்புக் கூலிக்குக்கூடக் காணாது. சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்க் குழாய்க்கு முழு மானியம் உண்டு, போட்டிருக்கிறோம். குழாய் வந்ததில் மண்வெட்டியோடு மடை மாற்றப் போகும் நேரம் மிச்சமானது, குத்தகைக் காட்டைத் துணிந்து எடுத்தது அதனால்தான். தென்னையும் வைத்திருக்கிறோம். மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒரு வெட்டு, தினம் கூப்பிடாத பயிர்.

இனி ஆபத்து. தோட்டத்தில் பிள்ளைகள் காற்றும் வெளிச்சமுமாக வளர்வார்கள் என்று டவுனில் இருந்து வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். வளர்வார்கள். கிணறும் இங்கேதான் இருக்கிறது. வந்ததும் முதல் செலவாகக் கிணற்றுக்குக் கம்பி வலை போட்டோம். பூச்சிமருந்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் ஊரெங்கும் உண்டு. எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை, வாங்கிய டப்பாவிலேயே பூட்டுக்குள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்கு முறிவு மருந்தே கிடையாது என்பதால் எலிப்பொறிதான்.

பாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கட்டுவிரியன் இரவில் வரும், தரையில் படுத்தவரைக் கடிக்கும், வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று அழுது, கண் இமையைத் தூக்க முடியாமல் கிடந்தால் வாயுத் தொல்லை என்று ஓமம் தேடாதீர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே முறிவு மருந்துதான். அரசு மருத்துவமனையில் இலவசம். கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கட்டில், கட்டிலுக்குக் கொசுவலை.

தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறுவது வெள்ளகோவில், காங்கேயம் பக்கமெல்லாம் இப்போது பெரிய பிரச்சினை. நாய்க்குப் பயந்து பட்டிக்குக் கம்பி வேலி போட்டோம். பல்லடம் பக்கத்திலும் சிவகிரியிலும் தனித் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு கேமராவும் மாட்டினோம். இந்தச் செலவெல்லாம் எந்தப் பண்ணைத் திட்ட அறிக்கையிலும் வராது.

வேளாண் பொறியியல் துறையில் பண்ணைக் குட்டைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரர் இரண்டு வருஷமாகக் கேட்கிறார். குட்டை வந்தால் குத்தகைக் காட்டிலும் வெங்காயம் போடலாம், வருமானம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையில் சறுக்கினால் பெரியவர்களே ஏறி வர முடியாது. சின்னவனுக்கு நீச்சல் பழக்குகிற வரைக்கும் அந்த விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஏற்கெனவே குட்டை வெட்டியிருக்கிறவர்கள் இந்த வாரமே நாலு பக்கமும் வேலி அடைத்து, முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைக் கரையில் கட்டித் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள்.