கரிசல் நிலமும் தமிழ் நூல்களும்

பொருநை ஆற்றுக்கு வடக்கே, கோவில்பட்டியை நடுவாகக் கொண்டு பரந்து கிடப்பது கரிசல் நிலம். மழை பெய்தால் காலை விடாது பற்றும் சேறாகவும், கோடை வந்தால் கையளவு அகலத்திற்குப் பிளந்த வெடிப்பாகவும் மாறுவது அம்மண். ஆற்றுப்பாய்ச்சல் அங்கு இல்லை. வானத்தை நோக்கியே பருத்தியும் கம்பும் சோளமும் விளைகின்றன. நெல்லும் கரும்பும் செழித்த காவிரி நாட்டிலன்றோ புலவர் பெருகுவர், வறண்ட இந்நிலத்தில் நூல்கள் எங்ஙனம் தோன்றும் என்று வினவத் தோன்றும். ஆயினும் இரண்டு சமயத்தார் போற்றும் பெருங்காப்பியங்கள் இந்நிலத்தோடு தொடர்புடையன. விடுதலைப் பாட்டின் முதல் முழக்கமும் இங்குப் பிறந்த ஒருவர் வாய்ப்பட்டதே.

நூல் என்பது புலவன் ஒருவனுடைய அறிவினால் மட்டும் தோன்றுவதன்று. அவனைப் புரந்தவர் யார், அவன் வணங்கிய தெய்வம் யாது, அந்நாட்டை ஆண்டவர் பேசிய மொழி யாது என்பனவும் நூலின் வடிவத்தை உருவாக்குகின்றன. ஆங்கில நாட்டின் பழைய வரலாறு இதனை நன்கு காட்டும். கி.பி. 597இல் உரோமாபுரியிலிருந்து அகஸ்தீன் என்னும் துறவி அந்நாட்டில் வந்திறங்கினார். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டிற்குள், எழுத்தறியாத மாட்டுக்காரனாகிய காட்மன் என்பவன், போர்வீரரைப் புகழ்ந்து வந்த பழைய ஓசையிலேயே இறைவன் உலகைப் படைத்த செய்தியைப் பாடினான். இதனைப் பீடு என்னும் துறவி 731இல் முடித்த தம் வரலாற்று நூலில் குறித்துள்ளார். பின்னர்க் கடல்வழி வந்த டேனியர் மடங்களைக் கொள்ளையிட்டபோது, மடங்களோடு நூல்களும் அழிந்தன. ஆல்பிரெட் மன்னன் இலத்தீன் நூல்களை மக்கள் மொழியிற் பெயர்க்கச் செய்து அவ்விழப்பை ஓரளவு ஈடு செய்தான். 1066இல் நார்மானியர் அந்நாட்டை வென்றபின் அரசவை பிரெஞ்சு மொழி பேசிற்று. ஆங்கிலம் உழவர் வாயிலே தங்கி, ஏறத்தாழ முந்நூறு ஆண்டு கழித்துச் சாசர் என்னும் கவிஞர் காலத்தில் மீண்டும் அவையேறிற்று. புதிய சமயம் பழைய யாப்பிற் புகுதலும், வேற்றுமொழி பேசுவோர் ஆளுதலும், ஆதரவற்ற பாட்டு மக்கள் வாயில் ஒளிந்து வாழ்தலும் ஆகிய இவை யாவும் கோவில்பட்டிக்கு முப்பது கல் சுற்றளவிற்குள்ளேயே நிகழ்ந்துள்ளன.

இவற்றுள் பழமையானது கழுகுமலை. அங்கே பாறையைக் குடைந்து மேலிருந்து கீழாகச் செதுக்கிய வெட்டுவான் கோவில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணியாகும். முடிவு பெறாமல் நின்றுவிட்டபோதும் அதன் அழகு குன்றவில்லை. அதே மலையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழ் வட்டெழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உருவத்தைச் செய்வித்தோர் பெயரும், அவர்தம் ஆசிரியர் பெயரும் அவற்றிற் காணப்படும். ஆண் துறவியரோடு குரத்தியர் எனப்படும் பெண் ஆசிரியர் பெயர்களும் உள்ளமை கருதத்தக்கது. சமணம் இந்நாட்டில் மங்கியபின் அப்பெயர்களைப் படிப்பார் இலராயினர். ஆயினும் மலை பாட்டை மறக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், காவடி எடுத்து நடப்போர் பாடும் நடையிலே, கழுகுமலை முருகன்மேற் காவடிச்சிந்து பாடினார். ஊற்றுமலை ஜமீன்தார் அவரைப் போற்றினார். 1865இற் பிறந்து 1891இல் மறைந்த அவ்விளங்கவிஞர் பாட்டு இன்றும் அடியார் நாவில் வாழ்கிறது.

கரிசல் நிலத்திற்குப் புலவரைக் கொணர்ந்தது பாளைய ஆட்சி எனலாம். மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சி 1529இல் தொடங்கிற்று. அவரும் அவர்தம் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாக வகுத்தனர் என்பர். வடக்கேயிருந்து வந்து குடியேறிய தெலுங்கு மொழியாளர் பலர் கரிசற் காட்டைத் திருத்தி உழுதனர். எட்டயபுரத்தாரும் பாஞ்சாலங்குறிச்சியாரும் வீட்டில் தெலுங்கு பேசியவரே. ஆயினும் அவர்கள் அவையில் தமிழ்ப் புலவர்க்கு இடம் கொடுத்தனர். நார்மானியர் அவைபோல் மக்கள் மொழி புறக்கணிக்கப்படாமை தமிழின் நற்பேறேயாகும். எட்டயபுரத்து அவைப்புலவராகிய கடிகை முத்துப்புலவர், தலைவி கடலை நோக்கிப் புலம்புவதாகச் சமுத்திர விலாசம் என்னும் நூலைப் பாடித் தம் தலைவரைச் சிறப்பித்தார். இக்காலத்துச் சிற்றிலக்கியங்களுட் பல, பாளையக்காரரை அளவிறந்து புகழ்வன. காமச்சுவை மிக்கனவும் சில. பரிசிலை நோக்கிப் பாடும்போது பாட்டு அவ்வழியே செல்லுதல் இயல்பு. எனினும் யாப்பும் அணியும் பயிலும் பள்ளியாக அவ்வவைகள் விளங்கின என்பதை மறுத்தல் முறையன்று.

அப்பள்ளியின் பெரும்பயன் உமறுப்புலவர். கடிகை முத்துப்புலவரிடம் தமிழ் கற்ற அவர், பதினேழாம் நூற்றாண்டிற் சீறாப்புராணம் பாடினார். நறுமணப் பொருள் வாணிகம் செய்த குடும்பத்திற் பிறந்தவர் என்பர். எட்டயபுரத்து அவை அவருக்குக் கல்வியையும் பெயரையும் அளித்தது. ஆனால், நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழிற் பாடுக எனத் தூண்டிப் பொருள் உதவியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி ஆவார். கடல்வாணிகத்தாற் செல்வமுற்ற அவர், இராமநாதபுரம் கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய துணைவர். அரபு நூல்களிலுள்ள செய்திகளை அறிஞர் சதக்கத்துல்லா அப்பா வழியாக உமறு பெற்றார் என்பர். இவ்வாறு, ஆசிரியர் இந்து, புரவலர் இசுலாமிய வணிகர், செய்தி அரபு மொழியினது, பாட்டு கம்பர் வழியிலமைந்த விருத்தம் எனப் பல நீரோடைகள் ஒன்று கூடின.

காப்பியம் நாட்டுப்படலத்தொடு தொடங்குகிறது. அரபு நாட்டு மலையிலே மேகம் படிந்து மழை பொழிய, வெள்ளம் குறிஞ்சி, முல்லை, பாலை, மருதம் எனப் பல நிலங்களையும் கடந்து கடல் சேர்கிறது. வயலில் உழவரும் நடவு செய்யும் மகளிரும் காணப்படுகின்றனர். மழை காணாத கரிசல் நிலத்தில் இருந்த புலவர், மழை காணாத அரபு நாட்டைப் பாடும்போது ஆறு பெருகச் செய்தார். இதனைப் பிழையென்பார் தமிழ்க் காப்பிய மரபை அறியார். புதிய சமயத்தின் தலைவரைத் தமிழர் தம் ஊரிலேயே காணும்படி செய்த உபாயம் அது. காட்மன் தன் நாட்டுப் பழைய ஓசையில் வேதக்கதையைப் பாடியதும் அத்தகையதே. நூல் முடிவதற்கு முன்பே சீதக்காதி மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் புரவலரானார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களில் ஐயாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்கள் அமைந்தும் நபிகளின் வரலாறு முற்றுப் பெறவில்லை. பனி அகமது மரைக்காயர் பின்னர்ச் சின்னச்சீறா என்னும் நூலால் அதனை நிறைவித்தார். உமறுப்புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்திலேயே உள்ளது.

அவர் மறைந்து சில ஆண்டுகளில், இத்தாலி நாட்டிற் பிறந்த பெஸ்கி பாதிரியார் தமிழகம் வந்தார். 1711இல் மதுரை மறைப்பணியிற் சேர்ந்த அவர், தொடக்கத்தில் இருந்த ஊர்களுள் ஒன்று கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி. நாயக்கர் ஆட்சியில் மறைப்பணி செய்வோர்க்கு ஓரிடத்தில் ஆதரவும் மற்றோரிடத்தில் இடரும் கிடைத்தன. அவரும் நெல்லைப் பகுதியில் சிறைப்பட்டு உயிர் தப்பினார். வீரமாமுனிவர் எனப் பின்னர்ப் புகழ்பெற்ற அவர், சூசை முனிவரின் வரலாற்றைத் தேம்பாவணி என்னும் காப்பியமாக 1726 அளவில் பாடினார். அதிலும் யூதேய நாடு மருத நிலமாகவே காட்சி தருகிறது. பாளையக்காரரைப் புகழ்ந்த சுப்பிரதீபக் கவிராயரே அவருக்குத் தமிழ் கற்பித்தார் என்பர். சமயம் பரப்ப வந்தவர் எழுத்தையும் திருத்தினார். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலர் புள்ளியிடாது விட்டமையால், எகரம் குறிலோ நெடிலோ என்பது விளங்காதிருந்தது. கொம்பைச் சுழித்து நெடிலைக் காட்டும் முறையை வீரமாமுனிவர் வழக்கிற் கொணர்ந்தார். இன்று ஒரு சிறுவன் ‘மெய்’ என்றும் ‘மேய்’ என்றும் மயக்கமின்றி எழுதுதல் அதனாலாகும்.

1736இல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. ஆர்க்காட்டு நவாபும், அவரிடம் வரி வாங்கும் உரிமை பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியும் பாளையங்களை நெருக்கின. பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டியக் கட்டபொம்மன் 1798இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கண்டபோது பூசல் மூண்டது. 1799 செப்டம்பரில் பானர்மன் படை கோட்டையைத் தாக்கிற்று. அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801இல் அவன் தம்பி ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி, இடிந்த கோட்டையை மீண்டும் எழுப்பிப் போரிட்டான். மே மாதத்தில் அதுவும் வீழ்ந்தது. கோட்டை தரைமட்டமாக்கப்பட்டு அவ்விடம் உழப்பட்டது. ஊரின் பெயரையே ஆவணங்களிலிருந்து நீக்கினர் என்பர்.

இங்கே இலக்கியம் இரண்டாகப் பிரிந்தது. எட்டயபுரத்தார்க்கும் பாஞ்சாலங்குறிச்சியார்க்கும் அருங்குளம், சுப்பலாபுரம் ஆகிய ஊர்களைப் பற்றி நெடுநாள் எல்லைப்பூசல் இருந்தது. போரில் எட்டயபுரத்தார் கம்பெனியின் பக்கம் நின்றனர். வீழ்ந்த பாளையத்தின் நிலத்தில் ஒரு பகுதியையும் பெற்றனர். 1803இல் பாளையங்கள் ஜமீன்களாயின. எட்டயபுரத்தில் அவை நிலைத்தது. புலவரும் இசைவாணரும் தங்கினர். முத்துசாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தில் அங்கு வந்து 1835இல் அங்கேயே மறைந்தார். 1879இல் சுவாமி தீட்சிதர் எழுதிய வம்சமணி தீபிகை அக்குலத்தாரின் வரலாற்றை அவர்தம் நோக்கிலேயே உரைக்கின்றது.

பாஞ்சாலங்குறிச்சிக்கோ அவையும் இல்லை, ஏடும் இல்லை. அதன் வரலாற்றை உழவரும் கூத்தரும் தாங்கினர். கும்மியாகவும் கதைப்பாடலாகவும் தெருக்கூத்தாகவும் அது ஊர்தோறும் சென்றது. போருக்குப் போகாதே எனத் தீக்கனாக் கண்டு தடுக்கும் வெள்ளையம்மாளும், தடையை மீறிச் செல்லும் வெள்ளையத்தேவனும் அப்பாட்டில் உயிர் பெற்றனர். எட்டப்பன் என்னும் பெயர் காட்டிக்கொடுப்போர்க்குரிய வசைச்சொல்லாயிற்று. போரில் எதிர்த்து நின்ற வெல்ஷ் என்னும் ஆங்கிலத் தளபதியே, ஊமைத்துரையின் வீரத்தையும் மக்கள் அவன்பாற் கொண்ட அன்பையும் வியந்து 1830இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் எழுதினார். பாட்டிலுள்ள நாளும் எண்ணும் வரலாற்றோடு யாண்டும் பொருந்துவன அல்ல. குலவரலாற்று நூலிலுள்ள புகழ்ச்சியும் அவ்வாறே. எல்லைப்பூசலை ஒன்று பெரிதாக்கும், மற்றொன்று மறைக்கும். ஒன்றை மட்டும் படித்து மற்றொன்றைத் தள்ளுவோன் பாதி வரலாற்றையே அறிவான்.

வென்றவர் பக்கம் நின்ற அவ்வவையிலிருந்தே, அவ்வெற்றியை எதிர்க்கும் குரலும் எழுந்தது. 1882 டிசம்பர் 11இல் எட்டயபுரத்திற் பிறந்த சுப்பிரமணியர், பதினொரு வயதளவில் அங்குள்ள புலவர் கூட்டத்தில் பாரதி என்னும் பட்டம் பெற்றார். தந்தையார் சின்னசாமி ஐயர் பஞ்சாலை ஒன்றை அமைக்க முயன்று பொருளிழந்தவர். கரிசற் பருத்தியை உள்ளூரிலேயே நூலாக்க எண்ணிய முயற்சி அது. பாரதியார் சிறிது காலம் ஜமீன் பணியிலிருந்து, 1904இல் அதனை நீங்கினார். 1908இல் ‘ஸ்வதேச கீதங்கள்’ வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஒட்டப்பிடாரம் வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார்; பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். சிறையிலிருந்த பிள்ளையவர்கள் ஜேம்ஸ் ஆலன் நூலைத் தமிழாக்கியதோடு தம் வரலாற்றையும் அகவற்பாவில் எழுதினார். பழைய புலவர் மன்னனுக்கு யாத்த பாவகைகள் சிறைக்கைதிக்கும் நாடு கடந்தோர்க்கும் கருவியாயின.

பத்தாண்டு கழித்துத் திரும்பிய பாரதியார் வறுமையுற்றிருந்தார். 1919இல் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி விடுத்தார். வம்சமணி தீபிகையைத் திருத்திய இனிய நடையில் எழுதித்தர விரும்புவதாகவும் அவ்வாண்டில் மடல் வரைந்தார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. 1921இல் அவர் மறைந்தார். 1928இல் அரசாங்கம் அவர் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. 1947 அக்டோபரில், விடுதலை பெற்ற நாட்டில், எட்டயபுரத்திலேயே அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. வாய்மொழியாகவே வாழ்ந்த கட்டபொம்மு கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. உழுது அழிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் தமிழக அரசு நினைவுக்கோட்டை எழுப்பிற்று.