மலாய் மாலைச் சந்தையும் வாவிக்கரை வாணிபமும்

சந்தை என்பது பொருள்கள் கைமாறும் இடம் மாத்திரமன்று. மனிதரிடையேயான உறவுகள் பொருள்களிடையேயான உறவுகளாகத் தோற்றங் கொள்ளும் களமும் அதுவே. மலாய் மக்களின் 'பசார் மாலாம்' எனும் தெருச் சந்தையை இந்நோக்கில் அணுகுவது, மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையிலுள்ள பழுகாமம் போன்ற ஊர்களின் வாழ்வை விளங்கிக்கொள்ள முனையும் எமக்குப் பயனுடையதாகும்.

'பசார்' பாரசீக மூலத்தைக் கொண்ட சொல். 'மாலாம்' இரவைக் குறிப்பது. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் வேறுபடுத்திக் கூறுவதை அறிந்தோருக்கு இப்பெயர் வியப்பளிக்காது. வாரத்தில் ஒருநாள் மாலை, ஒரு தெரு சந்தையாக மாறும். மறுநாள் அதே வணிகர் வேறொரு தெருவிற் கூடுவர். வெயில் தாழும் வேளையில் அங்கு செல்பவர் மீனையும் காய்கறியையும் மலிவான துணிமணிகளையும் காண்பார். தணலில் வாட்டும் சாத்தேயின் மணத்தை நுகர்வார். தேங்காய்த் துருவலும் பனைவெல்லமும் சேர்த்து விற்கப்படும் 'புத்து மாயாம்' எமது இடியப்பமேயன்றி வேறன்று.

உணவைக் காட்டிலும் சொற்கள் கூடுதலான செய்தி தருவன. மலாய் மொழியிற் கடை 'கெடாய்' எனப்படும். பெட்டி 'பெத்தி' ஆகும். கூலி 'கூலி'யாகவே நிற்கும். மூலதனத்தைச் சுட்டும் 'மோடால்' எமது 'முதல்' என்ற சொல்லின் வழிவந்தது. கடல் கடந்த தமிழ் வணிகர் பண்டங்களுடன் வாணிப உறவுகளுக்கான சொற்களையும் கொண்டுசென்றனர். முதலும் கூலியும் ஒருங்கே சென்றன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

எனினும் சந்தைக்கு வருவோர் அனைவரும் முதலாளிகளல்லர். 1939–40 காலப்பகுதியில் கிளந்தான் கரையோர மீனவரிடையே ஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் றேமண்ட் பேர்த்தும் அவர் துணைவியார் றோஸ்மேரி பேர்த்தும் சிறு வாணிபத்தில் மலாய்ப் பெண்கள் வகித்த முக்கிய இடத்தைப் பதிவு செய்துள்ளனர். இப்பெண்கள் ஒரு பண்டத்தை விற்பது மற்றொரு பண்டத்தை வாங்குதற்பொருட்டே. மார்க்சு 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' நூலில் விளக்கிய பண்டம்–பணம்–பண்டம் என்ற சுற்று இதுவாகும். பணத்தை இட்டுக் கூடுதற் பணத்தைப் பெறும் பணம்–பண்டம்–பணம் என்ற சுற்று இதனின் வேறானது. இரு சுற்றுக்களும் ஒரே தெருவில் அருகருகே நிகழ்வதாலேயே அவற்றின் வேறுபாடு கண்ணுக்குப் புலனாவதில்லை.

இவ்வேறுபாட்டை மறைத்து இனவேறுபாட்டை முன்னிறுத்தியது குடியேற்ற ஆட்சி. மலாயர் நெல்வயலுக்கு, தமிழர் இறப்பர்த் தோட்டத்துக்கு, சீனர் ஈயச் சுரங்கத்துக்கும் வணிகத்துக்கும் என்ற பிரிவினை இயற்கையானதன்று. ஆட்சித் தேவையின் விளைபொருள். 1913ஆம் ஆண்டின் மலாயர் காணி ஒதுக்கீட்டுச் சட்டம் அதனை மேலும் இறுக்கிற்று. 1969 மே மாதக் கலவரங்களின் பின்னர், 1971இற் புதிய பொருளாதாரக் கொள்கை பிறந்தது. 1985இல், இடைத்தரகரைத் தவிர்த்து உழவரே நேரில் விற்பதற்கெனப் 'பசார் தானி' தொடங்கப்பட்டது. இம்முயற்சி பயனுடையதே. ஆயினும் தெருவோரத்து மலாய் வணிகர் சிறு வணிகராகவே எஞ்ச, உயர்குழாம் ஒன்று செழித்தமையை விமர்சகர் பலரும் சுட்டியுள்ளனர்.

இனி எமது வாவிக்கரையை நோக்குவோம். படுவான்கரையின் நெல்லும், எழுவான்கரையின் மீனும் துணியும் தோணியிலும் வண்டியிலும் கைமாறிய உறவு நெடுங்காலத்தது. மருதமுனை நெசவாளரின் புடவையைத் தமிழ்ப்பெண் உடுத்தாள்; படுவான்கரை நெல்லைக் காத்தான்குடியில் உலையிலிட்டனர். தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையையும் பகிர்ந்துகொண்டனர். இவ்வுறவை இலட்சியமாக்கிக் காண்பதற்கில்லை. போடியாருக்கும் வயற்கூலிக்குமிடையிலான முரண்பாடும், அறுவடைக் காலத்திற் கடனடைக்கக் குறைந்த விலைக்கு நெல்லை விற்கும் நிர்ப்பந்தமும் அதனுள் இருந்தன.

1990ஆம் ஆண்டின் கொடும் படுகொலைகள் இவ்வுறவைப் பிளந்தன. 2019 ஏப்பிரல் குண்டுவெடிப்புகளை அடுத்து முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்குமாறு எழுந்த குரல்கள் அப்பிளவை ஆழப்படுத்தின. புறக்கணிப்பினாற் பாதிக்கப்படுபவர் யாவர்? நாளாந்தம் மீன்கூடை சுமப்பவரும், பாய் இழைக்கும் பெண்ணும், விளைந்த மரக்கறியை அன்றே விற்றாக வேண்டிய உழவருமே. நெல்லின் விலையைத் தீர்மானிக்கும் பெருமுதலுக்கு இனமுமில்லை, மதமுமில்லை.

மலாய்ச் சந்தையின் வரலாறு எமக்குணர்த்துவது இதுவே: விற்பவரின் இனத்தை மாற்றுவதனால் விற்பனையின் விதி மாறிவிடாது. உற்பத்தியாளரே விலையை நிர்ணயிக்கும் கூட்டுறவு அமைப்புக்கள், வாவியின் இரு கரைகளையும் இரு சமூகங்களையும் இணைத்து எழும்போதுதான் சந்தை மக்களுடையதாகும். அதற்கான கருத்துநிலைத் தெளிவை உருவாக்குவது ஆய்வாளரின் கடனாகும்.