விளையாட்டில் ஓர் இராச்சியமும் பீன்யாவில் சில கொட்டகைகளும்

நம் மாணாக்கர் பலர் இன்று ஓய்வு நேரத்தில் இராச்சியம் ஆண்டுகொண்டிருக்கிறார்கள். கணிப்பொறியின் திரையில் உலகப் படம் விரிகிறது. அதில் ஒரு நாட்டைத் தேர்ந்துகொண்டு, நகரங்களை அமைத்து, வரி வாங்கி, சேனை திரட்டி, கலைகளையும் விஞ்ஞானத்தையும் வளர்த்து, பல நூற்றாண்டுகளை ஒரே மாலைப் பொழுதில் கடந்துவிடுகிறார்கள். இவற்றைச் சரித்திர வியூக விளையாட்டுக்கள் என்று கூறலாம். பிள்ளைகள் பொழுதைப் போக்குகிறார்கள் என்று இதனைத் தள்ளிவிடுவது எளிது. ஆயினும், ஒரு நாடு எவ்வாறு முன்னேறுகிறது, அரசாங்கம் என்பது எதற்காக என்னும் வினாக்களுக்கு இவ்விளையாட்டுக்கள் தமக்கே உரிய விடைகளை வைத்திருக்கின்றன. பாடப் புத்தகத்தைப் படித்து மறந்துவிடும் மாணவன் இந்த விடைகளை மறப்பதில்லை. தானே அரசனாக இருந்து கற்றவை அல்லவா? ஆகவே, அவை யாவை என்பதை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்திருப்பது நலம்.

இவ்வகையில் புகழ் பெற்றது அமெரிக்கரான சித் மையர் என்பவர் புரூஸ் ஷெல்லியுடன் அமைத்து 1991-இல் வெளியான ‘சிவிலைசேஷன்’ என்னும் விளையாட்டு. நாகரிகம் என்பது அப்பெயரின் பொருள். கி.மு. 4000-இல் ஒரு சிறு குடியிருப்போடு ஆட்டம் தொடங்குகிறது. அறிவின் ஒவ்வொரு துறையும் ஒரு படி. ஒரு படியில் ஏறுவதற்கு முன் அதற்குக் கீழுள்ள படிகளில் கால் வைத்திருக்க வேண்டும். எழுத்து அறிந்த பின்னரே சட்டத் தொகுப்பு வரும். சட்டத் தொகுப்பும் ஈமச் சடங்கும் அறிந்த பின்னர் முடியாட்சி வரும். தத்துவமும் கல்வியறிவும் கூடினால் ஜனநாயகம் கிட்டும். கணிப்பொறியும் ராக்கெட்டும் கைவந்தால் விண்வெளிப் பயணம் திறக்கும். பகைவர் அனைவரையும் வெல்வது வெற்றிக்கு ஒரு வழி. ஆல்பா சென்டாரி என்னும் நட்சத்திரத்துக்குக் கப்பல் ஒன்றைக் கொண்டு சேர்ப்பது மற்றொரு வழி.

அரசாங்க முறைகளை இவ்விளையாட்டு கணக்கில் வடித்திருக்கும் விதம் சுவையானது. கொடுங்கோன்மையில், மூன்று அளவோ அதற்கு மேலோ விளையும் நிலம் ஒவ்வொன்றும் ஓர் அளவு குறைத்தே தரும். தலைநகருக்குத் தொலைவாக உள்ள ஊர்களில் ஊழல் மிகும். அங்கே நீதிமன்றம் கட்டினால் அது பாதியாகும். ஜனநாயகத்தில் ஊழலே இல்லை, ஆனால் போர் தொடுத்தால் மக்கள் கொதிப்படைவர். (ஜனநாயகத்தில் ஊழலே இல்லை என்பதைப் படிக்கும் களப்பணியாளர் புன்னகை புரிவாராயின் அவரைக் குறை கூற இயலாது.) ஓர் ஆட்சி முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமானால் இடையே சில முறைகள் அராஜகம் நிலவும், அப்போது வரி வசூலும் ஆராய்ச்சியும் ஸ்தம்பித்து நிற்கும்.

சுவீடன் நாட்டு நிறுவனமான பாரடாக்ஸ் 2013-இல் வெளியிட்ட ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ்’ நான்காம் பதிப்பு இன்னும் நுட்பமானது. 1444 முதல் 1821 வரையிலான காலம் அதன் களம். விரும்பினால் விஜயநகரத்தையே ஆளலாம். அதில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் அபிவிருத்தி என்னும் ஓர் எண் உண்டு. வரி, உற்பத்தி, ஆள்பலம் என மூன்று கூறுகளின் கூட்டுத்தொகை அது. அதனை உயர்த்த வேண்டுமானால் அரசனுடைய நிர்வாக, ராஜதந்திர, இராணுவப் புள்ளிகளைச் செலவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அடுத்த கணமே அந்த மாகாணம் அபிவிருத்தி அடைந்துவிடும். அரசனுடைய திறமை சுழியம் முதல் ஆறு வரை அளக்கப்படுகிறது. மந்தமான மன்னன் பட்டம் ஏறினால் புள்ளிகள் குறையும்; குடிகள் எத்துணை உழைப்பாளிகளாயினும் நாடு தேங்கும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இங்கே ஒரு தடை எழுகிறது. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நாம் வளர்ச்சி என்றும், மேம்பாடு என்றும், அபிவிருத்தி என்றும் மாறி மாறி எழுதி வருகிறோம். பயிர் வளர்வது வளர்ச்சி. அது உள்ளிருந்து வருவது. பிறர் முயன்று ஒன்றை உயர்த்துவது மேம்பாடு. விளையாட்டில் உள்ளதோ இவ்விரண்டும் அன்று. அது கொள்முதல்.

உண்மையில் எப்படி நடந்தது என்பதைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பெங்களூருக்கு வடமேற்கே, தும்கூர்ச் சாலையில் பீன்யா என்னும் ஊர் இருக்கிறது. கடைசல் யந்திரங்களின் ஓசையும் வெட்டெண்ணெயின் வாடையும் நிறைந்த தொழிற்பேட்டை அது. சிறு தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றில் தமிழ்நாட்டிலிருந்து சென்று வேலை பார்ப்போரும் ஏராளம். விளையாட்டின் படிகளில் ஆக மேலே வைக்கப்பட்டுள்ள விண்வெளிப் படியில் இந்தியா கால் வைத்தது இப்பேட்டையின் கொட்டகைகளில்தான்.

1972 மே 10-ஆம் நாள், இந்தியாவில் செய்யப்படும் செயற்கைக்கோள் ஒன்றைச் சோவியத் ராக்கெட் விண்ணில் ஏற்றுவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. விண்வெளித் திட்டத்தின் தந்தையான விக்ரம் சாராபாய் காலமாகி அப்போது ஐந்து மாதங்கள்கூட நிறையவில்லை. விண்வெளித் துறை என்னும் தனி இலாகா ஏற்பட்டதே அதற்கு அடுத்த மாதத்தில். திட்டத்தின் பொறுப்பு உடுப்பி வட்டாரத்தில் பிறந்த விஞ்ஞானி யு. ஆர். ராவ் அவர்களிடம் வந்தது. கட்டடம் எழுப்பக் காலம் இல்லை. ஆகவே பீன்யாவில், கல்நார்த் தகடு வேய்ந்த சில கொட்டகைகளை எடுத்துக்கொண்டனர். தூசியே புகலாகாத தூய அறையை அதற்குள்ளேயே அமைத்தனர். பணியாற்றியோரில் பெரும்பாலோர் இளைஞர்கள். செயற்கைக்கோள் ஒன்றைச் செய்து பார்த்தவர் எவரும் அவர்களிடையே இல்லை.

ஏன் பெங்களூர்? இங்கேதான் விளையாட்டின் கணக்கும் உலகின் கணக்கும் பிரிகின்றன. மைசூர் சமஸ்தானம் 1902-இல் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைத்துக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. 1909-இல், ஜம்ஷெட்ஜி டாட்டாவின் கொடையினாலும் சமஸ்தானம் தந்த நிலத்தினாலும் இந்திய விஞ்ஞானக் கழகம் உருவாயிற்று. 1940-இல் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் சமஸ்தானத்தின் துணையோடு விமானத் தொழிற்சாலை தொடங்கினார். அதுவே இன்றைய ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ். விடுதலைக்குப் பின் 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் யந்திரக் கருவித் தொழிற்சாலையும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்சும் வந்தன. பின்னிரண்டும் பீன்யாவுக்கு அண்டையிலுள்ள ஜாலஹள்ளியில் அமைந்தவை. முடியாட்சி போய்க் குடியரசு வந்தது. நடுவே அராஜகமும் வரவில்லை, ஆய்வுக்கூடங்களும் ஸ்தம்பிக்கவில்லை. மன்னர் காலத்தில் நட்ட மரத்தின் நிழலில் குடியரசு உட்கார்ந்தது என்பதே உண்மை. ஆட்சி முறை மாறினாலும் பட்டறையில் பயின்ற கை மாறுவதில்லை. பிட்டரும் கடைசல்காரரும் வரைபடம் வரைவோரும் ஏற்கெனவே அங்கு இருந்தனர். விளையாட்டில் இவர்களுக்கு உருவமே கிடையாது.

வேறொரு நாட்டிடமிருந்து கலை பெறுவதையும் விளையாட்டு மிக எளிதாக்கிவிடுகிறது. தூதரோடு பேசி முடித்தால் ராக்கெட் வித்தை அந்த நொடியே நமது ஆகிவிடும். மெய்யாக நிகழ்ந்தது வேறு. சூரிய மின்கலங்கள், மின்சேமக் கலங்கள் போன்ற சில சாதனங்கள் சோவியத் நாட்டிலிருந்து வந்தன. கோளையோ இங்கேயே வடிவமைத்து, பூட்டி, சோதித்தாக வேண்டியிருந்தது. சாதனம் கப்பலில் வரும். பூட்டிப் பழகும் அறிவு கப்பலில் வராது.

1975 ஏப்ரல் 19-ஆம் நாள், சோவியத் நாட்டின் கபூஸ்தின் யார் ஏவுதளத்திலிருந்து ஆரியபட்டா விண்ணேறியது. எடை ஏறத்தாழ 360 கிலோகிராம். இருபத்தாறு முகங்கள் கொண்ட உருவம். ஸ்ரீஹரிகோட்டாவிலும் மாஸ்கோவுக்கு அருகிலும் அதன் குறிகைகளைப் பெற்றனர். எக்ஸ் கதிர் வானியல், சூரிய இயல், மேல்வளி மண்டலம் ஆகிய மூன்று துறைகளில் அதில் சோதனைகள் இருந்தன. நான்கு நாள் கழிந்து, சுமார் அறுபது சுற்றுக்கள் முடிந்ததும், மின்வழங்கலில் ஏற்பட்ட பழுதினால் அச்சோதனைகள் நிறுத்தப்பட்டன.

விளையாட்டாயிருந்தால் இதனைத் தோல்வி என்று எழுதிவிடும். கப்பல் சேர்ந்தது அல்லது சேரவில்லை என்ற இரண்டே முடிவுகள்தாம் அதற்குத் தெரியும். ஆனால் ஆரியபட்டாவின் உடற்பகுதி 1981 மார்ச் வரை இயங்கியது. கோளைத் தரையிலிருந்து கண்காணிப்பதும், அதன் வெப்பநிலையையும் சுழற்சியையும் அறிவதும் எப்படி என்பதை அது கற்றுக் கொடுத்துக்கொண்டே இருந்தது. 1979 ஜூனில் பாஸ்கரா ஏறியபோது அப்பாடம் கைகொடுத்தது.

களப்பணியாளர்கள் அறிய வேண்டிய மற்றொன்று. ஆரியபட்டா ஏறிய அதே ஆண்டு ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வாயிலாகத் தொலைக்காட்சிக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. வானத்துக் கோள் தன் வேலையைச் செய்யும். ஆயினும் கிராமத்துப் பெட்டியை மாலையில் திறந்து வைக்கவும், ஊராரைக் கூட்டி அமரச் செய்யவும், கண்டது என்ன என்று பேசவும், பழுதானால் சொல்லி அனுப்பவும் ஓர் ஆள் வேண்டும். 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது கிராம சேவகர் என்று ஒருவரை நியமித்ததும் இக்காரணம் பற்றியே. அபிவிருத்திப் பொத்தானுக்கும் மாகாணத்துக்கும் நடுவே சைக்கிளில் செல்லும் இந்த மனிதரை எந்த விளையாட்டும் இதுகாறும் வரைந்ததாகத் தெரியவில்லை.

ஒன்றில் மட்டும் மையரின் விளையாட்டைப் பாராட்ட வேண்டும். ஆலைகள் பெருகினால் நிலம் மாசுறும் என்பதை அது 1991-இலேயே கணக்கில் சேர்த்தது. ஆனால் குடியேற்றக்காரர்களை அனுப்பினால் சில முறைகளில் கறை நீங்கிவிடும். பீன்யாவில் அவ்வாறில்லை. உலோகப் பூச்சு வேலை செய்யும் கூடங்களின் கழிவிலிருந்து குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது. இறங்கிய பின் அதனை எடுப்பது மிகக் கடினம். அபிவிருத்தி எண்ணில் வரி சேர்கிறது, உற்பத்தி சேர்கிறது, கிணற்று நீர் சேர்வதில்லை.

வகுப்பில் இதனைப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியருக்குக் கணிப்பொறிகூட வேண்டுவதில்லை. மாணவர்களையே ஒரு படிமரம் வரையச் சொல்லலாம். மேலே ஆரியபட்டா, அதன் கீழே அதற்கு வேண்டியவை, அவற்றின் கீழே அவற்றுக்கு வேண்டியவை. சில நிமிடங்களில் மாணவர்கள் மின் நிலையத்தையும் கணித ஆசிரியரையும் பற்றாசு வைப்பவரையும் எழுதத் தொடங்குவர். பின்னர் ஒவ்வொன்றின் அருகிலும் ஆண்டைக் குறிக்கச் சொன்னால், ஒரே படத்தில் சமஸ்தானமும் குடியரசும் தனியார் கொடையும் அயல்நாட்டு உதவியும் கலந்து நிற்பதைக் காண்பர்.

அத்துடன் ஒரு புகைப்படத்தையும் காட்டலாம். ஆப்பிள் என்னும் செய்தித்தொடர்புக் கோளும் இரண்டே ஆண்டுகளில் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் செய்யப்பட்டதுதான். 1981 ஜூன் 19-ஆம் நாள் அது ஐரோப்பிய ஏரியான் ராக்கெட்டில் ஏறியது. ஏறுமுன் அதன் அலைவாங்கியைச் சோதிக்க, உலோகத்தின் குறுக்கீடு இல்லாத வாகனம் தேவைப்பட்டது. அக்காலத்துப் படத்தில், மரத்தாலான மாட்டு வண்டியின்மேல் ஆப்பிள் உட்கார்ந்திருக்கிறது.