விரைவாகப் படிப்பது எப்படி? லோக்கல் ரெயிலிலேயே பழகலாம்!

அம்பர்நாத் ரெயில் நிலையம். காலை நேரம். லோக்கலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் ஒரு பெரியவர், பக்கத்துச் சாலில் வசிக்கும் வாலிபரைப் பார்த்துக் கேட்கிறார்.

"என்ன தம்பி, ரெயில்வே பரீட்சை எப்படி எழுதினே?"

"எல்லாம் தெரிஞ்ச கேள்விதான் அண்ணாச்சி. நேரந்தான் பத்தல. கடைசி இருபது கேள்வியைப் படிக்கவே முடியல."

மும்பைத் தமிழர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. விடை தெரியாமல் தோற்றால் மனதைத் தேற்றிக் கொள்ளலாம். கேள்வியைப் படிக்க நேரம் இல்லாமல் தோற்றால்? அந்த ஏக்கம் லேசில் போகாது!

வேகமாகப் படிக்கப் பழக முடியுமா? முடியும். ஆனால், விளம்பரங்களில் சொல்வது போல அல்ல.

54 விநாடி

ரெயில்வேயின் என்.டி.பி.சி. முதல் கட்டத் தேர்வில் 100 கேள்விகள். நேரம் 90 நிமிடம். ஒரு கேள்விக்கு 54 விநாடிதான்! அதற்குள் கேள்வியைப் படிக்க வேண்டும். நான்கு விடைகளையும் பார்க்க வேண்டும். கணக்கும் போட வேண்டும்.

அவசரத்தில் குத்துமதிப்பாகத் தட்டினாலும் ஆபத்து. ஒவ்வொரு தவறான விடைக்கும் மூன்றில் ஒரு பங்கு மார்க் கழிந்துவிடும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டில் தமிழ். தெருவில் இந்தி. பள்ளியில் மராத்தி அல்லது ஆங்கிலம். மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் கல்லூரிக்குப் போனதும் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். மூன்று, நான்கு மொழிகள் பேசுவார்கள். சரளமாகப் படிப்பது எதில் என்று கேட்டால் யோசிப்பார்கள்.

கண் தாவுகிறது

நாம் படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக் கொண்டு ஓடுவதாக நினைக்கிறோம். உண்மை அது அல்ல. கண் தவளை போலத் தாவித் தாவிப் போகிறது. ஓர் இடத்தில் ஏறக்குறைய கால் விநாடி நிற்கும். பிறகு அடுத்த இடத்துக்குத் தாவும். நிற்கும்போதுதான் எழுத்து தெரியும். தாவும்போது எதுவும் தெரியாது.

பாரீஸ் நகரக் கண் டாக்டர் எமில் ஜவாலின் ஆராய்ச்சிக்கூடத்தில் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இந்த வரியின் நடுவில் ஒரு சொல்லை மட்டும் உற்றுப் பாருங்கள். கண்ணை அசைக்காதீர்கள். பக்கத்துச் சொல் தெரியும். அதற்கு அடுத்தது மங்கலாகத் தெரியும். அதற்கும் அப்பால் கறுப்புக் கோடுதான்! ஒரே பார்வையில் முழுப் பக்கத்தையும் விழுங்கலாம் என்பது எவ்வளவு பெரிய புளுகு என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

கென்னடியும் கார்ட்டரும்

வேக வாசிப்பைப் பெரிய வியாபாரம் ஆக்கியவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஈவ்லின் உட் என்ற ஆசிரியை. கையைப் பக்கத்தின் மேலிருந்து கீழே ஓட்டி, கண்ணை அதன் பின்னால் ஓடச் செய்வது அவருடைய முறை. 1959-ல் வாஷிங்டனில் பள்ளி திறந்தார். ஜனாதிபதி கென்னடி நிமிடத்துக்கு 1,200 சொற்கள் படிப்பார் என்று அப்போது பேசிக் கொண்டார்கள். ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1977-ல் வெள்ளை மாளிகையிலேயே வேக வாசிப்புப் பாடம் கற்றார்.

மற்றவர்கள் படிக்கும் வேகம் என்ன? பெல்ஜியம் நாட்டுப் பேராசிரியர் மார்க் பிரிஸ்பர்ட், 190 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2019-ல் கணக்குச் சொன்னார். ஆங்கிலத்தில் கட்டுரை படிப்பவரின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள். கதை என்றால் 260.

இதைத் தமிழோடு ஒப்பிட்டு யாரும் மனம் ஒடிய வேண்டாம். "படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்" என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்தாறு சொற்கள் வேண்டும். ஆகவே, தமிழில் சொல் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும்.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

கீத் ரேனர் என்ற நிபுணரும் அவருடைய கூட்டாளிகளும் இது பற்றிய ஆராய்ச்சிகளை அலசி 2016-ல் அறிக்கை வெளியிட்டார்கள். வேகத்தை இரண்டு, மூன்று மடங்காக்கினால், புரிவது குறைந்தே தீரும் என்பது அவர்கள் முடிவு. மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்கிற இடத்தில் மேய்ந்து படிப்பது பலன் தரும். உண்மையான வேகம் வேண்டுமானால், சொல் வளம் பெருக வேண்டும்; நிறையப் படிக்க வேண்டும்.

பொய் விளம்பரங்கள் அங்கேயும் உண்டு. வேக வாசிப்புப் பயிற்சி ஒன்றின் டெலிவிஷன் விளம்பரத்தின் மீது அமெரிக்க மத்திய வாணிப ஆணையம் 1998-ல் நடவடிக்கை எடுத்தது. ஆயிரக்கணக்கில் பணம் கட்டும்முன் நம் ஊர்ப் பெற்றோரும் இதை நினைத்துக் கொள்ள வேண்டும்.

பழகிய எழுத்துதான் வேகம் தரும் என்பதற்கு நம் மொழியிலேயே சாட்சி இருக்கிறது. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்தது. ணை, லை, னை போன்ற எழுத்துகள் இப்போதுள்ள வடிவத்துக்கு மாறின. அதற்கு முன் அச்சான புத்தகத்தை இன்றைய கல்லூரி மாணவரிடம் கொடுத்துப் பாருங்கள். தடுமாறுவார். தாத்தா தடையில்லாமல் படிப்பார். இருவருக்கும் கண் ஒன்றுதான். பழக்கம்தான் வேறு!

ஏழு பயிற்சிகள்

பணம் செலவில்லாமல் வீட்டிலும் ரெயிலிலும் செய்யக் கூடியவை இவை.

1. முதலில் அளந்து பாருங்கள். கடிகாரத்தை வைத்துக் கொண்டு ஐந்து நிமிடம் படியுங்கள். படித்த சொற்களை எண்ணி ஐந்தால் வகுங்கள். அதுதான் உங்கள் வேகம். உடனே தாளை மூடிவிட்டு, படித்ததில் ஐந்து செய்திகளை எழுதுங்கள். நான்காவது நினைவுக்கு வர வேண்டும். வராவிட்டால், அந்த வேகம் செல்லாக்காசு!

2. நோட்டம் விட்டுத் தொடங்குங்கள். தலைப்பு, துணைத் தலைப்பு, முதல் பத்தி, கடைசிப் பத்தி ஆகியவற்றை ஒரு நிமிடத்தில் பாருங்கள். "இதில் எனக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்டுக் கொண்டு பிறகு படியுங்கள். அமெரிக்கப் பேராசிரியர் பிரான்சிஸ் ராபின்சன் 1946-ல் வகுத்த படிப்பு முறையும் இப்படித்தான் தொடங்குகிறது.

3. வரியின் அடியில் பென்சிலை நகர்த்துங்கள். ஆடுகிற ரெயிலில் வரி தவறாமல் இருக்க இது நல்ல துணை. கம்ப்யூட்டர் பரீட்சையில் மவுஸ் அம்புக்குறியை அப்படி நகர்த்தலாம்.

4. உதட்டை மூடுங்கள். வாய் அசைந்தால், பேசும் வேகத்துக்கு மேல் படிக்க முடியாது. மனதுக்குள் ஒலிக்கும் குரலை மட்டும் அடக்க முயல வேண்டாம். கடினமான விஷயம் புரிவதற்கு அந்தக் குரல் தேவை.

5. படித்ததையே திரும்பப் படியுங்கள். ஒரே பத்தியை மூன்று, நான்கு முறை உரக்கப் படித்து, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறியுங்கள். தட்டுத் தடுமாறிப் படிக்கும் சிறுவர்களுக்கு ஏற்ற முறை இது. ஜே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1979-ல் இதை விளக்கி எழுதினார். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் பேரனுக்குத் தமிழும் வரும், பாட்டிக்குப் பொழுதும் போகும்!

6. சொல் நோட்டு வையுங்கள். தினமும் ஐந்து புதிய சொற்கள் போதும். தெரியாத சொல்லில்தான் கண் அதிக நேரம் நிற்கிறது, திரும்பியும் வருகிறது. சொல் தெரிந்தால் வேகம் தானாக வரும்.

7. பரீட்சையில் நீண்ட பத்தி வந்தால், முதலில் கேள்விகளைப் பாருங்கள். பிறகு பத்திக்குள் போங்கள். தேடுவது எது என்று தெரிந்தால் கண் வீணாக அலையாது.

எழுத்து மங்கலாகத் தெரிந்தாலோ, தலை வலித்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு முதலில் கண் டாக்டரைப் பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பல நேரங்களில் கண்ணாடியே பாதி வேகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

ரெயிலே பள்ளிக்கூடம்

அம்பர்நாத்தில் இருந்து சி.எஸ்.எம்.டி. சுமார் 60 கிலோ மீட்டர். போக வர நாள்தோறும் இரண்டரை, மூன்று மணி நேரம் ரெயிலிலேயே போய்விடுகிறது. நெரிசலில் பேப்பரை நான்காக, எட்டாக மடித்து, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக் கொண்டு படிப்பவர்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த நேரத்தில் 20 நிமிடத்தை ஒதுக்கினாலே போதும். தாதர் வருவதற்குள் அன்றைய பாடம் முடிந்துவிடும்.

எங்கே வேகம் கூடாது?

வேகம் கற்றவர்கள் நிற்கவும் கற்க வேண்டும்.

சாலை இடித்துக் கட்டப் போவதாக பில்டர் ஒப்பந்தத்தை நீட்டும்போது, கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் மெதுவாகப் படியுங்கள். மொழி புரியாவிட்டால், புரிந்தவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கடன் பத்திரம், மருந்துச் சீட்டு எல்லாம் இப்படித்தான். அவசரத்தில் விட்டுப் போன ஒரு வரி, வீட்டையே விழுங்கிவிடும்.

ரெயில் டிரைவரிடம் 'காஷன் ஆர்டர்' என்ற தாளைக் கொடுப்பார்கள். எந்தக் கிலோ மீட்டரில் எந்த வேகத்தில் போக வேண்டும் என்று அதில் இருக்கும். ரெயிலை எவ்வளவு வேகமாக ஓட்டுபவரும் அந்தத் தாளை நிதானமாகத்தான் படிப்பார். அதில் ஓர் எண்ணைத் தவறவிட்டால், பின்னால் இருப்பவை ஆயிரக்கணக்கான உயிர்கள்!

மும்பையில் இருந்து வீடு திரும்பும் பாஸ்ட் லோக்கல், கல்யாண் வரை பல நிலையங்களை நிற்காமல் தாண்டிப் பறக்கும். கல்யாணுக்குப் பிறகு விட்டல்வாடி, உல்லாஸ்நகர் என்று நின்று நின்றுதான் அம்பர்நாத் வரும். அதையும் யாரும் ஸ்லோ என்று சொல்வதில்லை.

படிப்பும் அப்படித்தான். பறக்க வேண்டிய இடத்தில் பறக்கலாம். நிற்க வேண்டிய நிலையத்தில் நின்றுதான் ஆக வேண்டும்.